விற்ற சங்கிலிக்கு யார் சொந்தம்?

கேள்வி: பிப்ரவரி 4, மாலை 6.20

துணியும் நூலும் வைத்துக் கழுத்தணி செய்கிறேன். ஒவ்வொன்றும் ஒன்றுதான், இரண்டாவது கிடையாது. போன வருடம் ஒருவர் வாங்கிப்போன பெரிய கழுத்தணியை இப்போது வெட்டி, தோள்பையின் மூடியில் தைத்து வைத்திருக்கிறார். அவரே ஆசையாகப் படம் எடுத்து அனுப்பினார். பார்த்ததும் வயிறு பற்றி எரிந்தது. நாற்பது நாள் உட்கார்ந்து தைத்தது அது. விற்ற பிறகு இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்பது என் கட்சி. செய்தவருடைய பொருள் கடைசிவரை செய்தவருடையதுதான். வாங்கியவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறவர், அவ்வளவே.

பதில்: பிப்ரவரி 4, இரவு 9.40

இல்லை. காசு கை மாறிவிட்டது, பொருள் அவருடையது. வெட்டலாம், உருக்கலாம், நாய் கழுத்தில் கட்டலாம். இருபது வருடமாகச் செம்பிலும் வெள்ளியிலும் கழுத்தணி செய்து விற்கிறேன். விற்றதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க ஆரம்பித்தால் அடுத்ததைச் செய்யக் கை வராது.

பிப்ரவரி 4, இரவு 11.55

தூக்கம் வரவில்லை. மேலே “திரும்பிப் பார்ப்பதில்லை” என்று எழுதியது சுத்தப் பொய்.

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. செய்த ஒவ்வொன்றுக்கும் எண், உலோகம், கம்பியின் கனம், எத்தனை கண்ணி, யார் வாங்கினார், என்றைக்கு என்று எழுதி வைப்பேன். அதுவரை கணக்கு. கடைசியில் தலைப்பே போடாத ஒரு பத்தி இருக்கிறது. வாங்கியவரைப் பற்றி அப்புறம் ஏதாவது காதில் விழுந்தால் அங்கே குறிப்பேன். “ஊர் மாறிவிட்டார்.” “தங்கைக்குக் கொடுத்துவிட்டார்.” “கொக்கி இறுக்கம் என்கிறார்.” “தொலைத்துவிட்டார், அழுதார்.” ஓர் எண்ணுக்கு எதிரே “மூழ்கிவிட்டது” என்று மட்டும் இருக்கிறது. படகில் போகும்போது கழுத்திலிருந்து நழுவி ஆற்றில் விழுந்ததாம். அதை எழுதிய நாளில் எனக்கு வருத்தம் வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை, கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

திரும்பிப் பார்க்காதவன் வைத்திருக்கிற நோட்டு இது. சரி, உரிமை இல்லை என்பதில் மாற்றமில்லை. மற்றதை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 6, காலை 7.10

நாளை என்று சொல்லி ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது. எண் 88-இன் கதையைச் சொன்னால்தான் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று புரியும்.

அது வெள்ளிக் கழுத்தணி. ஒன்றரை மில்லிமீட்டர் கம்பியை நீள்வட்டமாக வளைத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, பட்டடையில் வைத்துத் தட்டிய கண்ணிகள், மொத்தம் 46. ஒவ்வொரு கண்ணியின் மேலும் சுத்தியல் அடி மழைத்துளி விழுந்தாற்போல் தெரியும். அப்புறம் முழுவதையும் கந்தகக் கரைசலில் முக்கிக் கறுக்கவைத்து, மேடான இடங்களை மட்டும் தேய்த்து வெளுக்கவைத்தேன். பள்ளத்தில் கறுப்பு, மேட்டில் வெள்ளை. “மழைக்கோடு” என்று பெயர் வைத்தேன். கொஞ்சம் பந்தாவான பெயர்தான், அப்போது வயது அப்படி.

ஒரு பள்ளி ஆசிரியை வாங்கினார். ஒன்பது வருடம் கழித்து அறுந்த நிலையில் கொண்டுவந்தார். “பல்லி அறுந்துபோச்சு” என்றார். எனக்குப் புரியவில்லை. வீட்டில் அதற்குப் பெயரே பல்லிதானாம். கழற்றி மேசையில் வைத்தால் சுருண்டு கிடப்பது அப்படி இருக்கிறதாம். “பல்லி எங்கே, பல்லியைப் பார்த்தாயா” என்று பிள்ளைகள் தேடுவார்களாம். மழைக்கோடு என்ற பெயர் அந்த வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை.

அறுந்த கண்ணியைப் பார்த்தேன். பக்கத்துக் கண்ணியோடு உரசி உரசி, உரசும் இடத்தில் கம்பி பாதிக் கனத்துக்கு வந்து, அங்கேதான் விட்டிருக்கிறது. அது சகஜம். தினமும் போடுகிற எந்தச் சங்கிலியும் அப்படித்தான் தேயும். ஆனால் அந்தக் கண்ணியின் வெளிப்புறம் வேறு மாதிரி இருந்தது. என் சுத்தியல் அடி ஒன்றுகூட இல்லை. ஆற்றுக் கூழாங்கல்போல் வழவழவென்று இருந்தது. மற்ற 45 கண்ணிகளிலும் அடி தெரிகிறது, இதில் மட்டும் இல்லை. கேட்டதற்குச் சிரித்தார். வகுப்பில் யோசிக்கும்போது கட்டைவிரல் தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்க்குமாம்.

புதுக் கண்ணி ஒன்று செய்து மாற்றினேன். மாற்றியது பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. சரி, மொத்தத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடலாம் என்று நல்ல எண்ணத்தில் முழுச் சங்கிலிக்கும் மெருகு போட்டு, மறுபடி கறுக்கவைத்து, மறுபடி தேய்த்து, விற்ற நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிக் கொடுத்தேன். காசுகூட வாங்கவில்லை.

கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “நன்றாக இருக்கிறது” என்றார். பிறகு, “இது என்னுடையதுதானே?” என்று கேட்டார்.

இரண்டாவதாகச் சொன்னதைத்தான் மூன்று வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். அறுந்த பழைய கண்ணி இன்னும் என் வேலைமேசையில் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது.

பிப்ரவரி 6, காலை 7.35

திருத்தம். நோட்டைப் பார்த்தேன். ஒன்பது வருடம் இல்லை, ஏழு. கதை சொல்லும்போது வருடம் தானாகக் கூடுகிறது.

பிப்ரவரி 7, மதியம் 1.15

“சுத்தம் செய்தால் நல்லதுதானே, இதில் என்ன பெரிய துக்கம்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

வெள்ளி கறுப்பது அழுக்கு இல்லை. காற்றிலும் வியர்வையிலும் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து மேலே வெள்ளி சல்பைடாகப் படிகின்றன. ரப்பர், கம்பளி பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் கறுக்கும். 925 என்று முத்திரை குத்திய வெள்ளியில் ஆயிரத்தில் 925 பங்குதான் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. அதனால் சுத்த வெள்ளியைவிட இது கறுக்கிற வேகம் அதிகம். உடம்பில் இருக்கிற சங்கிலியில் இந்தக் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரேபோல் ஏறாது. உடையும் விரலும் படுகிற இடம் தேய்ந்து வெளுக்கும், படாத பள்ளம் கறுத்துக்கொண்டே போகும். நான் கந்தகத்தில் முக்கி அரை மணி நேரத்தில் செய்தது அதன் போலி. அசலை அவர் ஏழு வருடம் போட்டுப் போட்டுச் செய்திருந்தார். அசலை அழித்துவிட்டு என் போலியைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். இதுதான் துக்கம்.

மெருகு போடுவது என்றால் வெள்ளியைச் சுரண்டி எடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு மென்மையாகப் போட்டாலும் கொஞ்சம் உலோகம் போகும். அவர் விரல் ஏழு வருடத்தில் தேய்த்ததைவிட என் மோட்டார் சக்கரம் அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் தேய்த்தது அதிகமாக இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

செம்பில் இது வேறு கதை. களிம்பு பச்சையாக வரும், தோலிலும் ஒட்டும். வாங்கியவர் பயந்துபோய் எழுதுவார்: “என் கழுத்து பச்சையாகிவிட்டது, விஷமா?” இல்லை, சோப்புப் போட்டால் போகும். மாதம் ஒன்றாவது இந்தக் கடிதம் வரும்.

பிப்ரவரி 9, இரவு 8.05

யாரோ மேலே “அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டு வெந்நீரில் வைத்தால் ஒரு நிமிடத்தில் புதுசு மாதிரி” என்று யோசனை சொல்லியிருக்கிறார். வேதியியல் சரி. அலுமினியம் சல்பைடிலிருந்து கந்தகத்தைப் பிரித்துவிடும், வெள்ளி வெள்ளியாகவே மிஞ்சும், அழுகிய முட்டை வாடை லேசாக வரும். வெறும் வெள்ளித் தட்டுக்கு அருமையான வழி.

ஆனால் வேண்டுமென்றே கறுக்கவைத்த நகையை அதில் போட்டால் கறுப்பு மொத்தமும் போய்விடும். எண் 131-ஐ வாங்கியவர் இதைச் செய்துவிட்டு, முன்னே பின்னே இரண்டு படம் எடுத்து, “பாருங்கள், உங்கள் நகையை எப்படிக் காப்பாற்றியிருக்கிறேன்!” என்று அனுப்பினார். கறுப்புக் கிளையில் வெள்ளைப் பூ என்று செய்தது, வெள்ளைக் கிளையில் வெள்ளைப் பூவாக இருந்தது. கல்யாண விளக்கு மாதிரி பளபளப்பு. நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? “ரொம்ப நன்றாக இருக்கிறது.”

கேள்வி கேட்டவரே, உங்கள் பை விஷயத்தில் நீங்களும் இதைத்தான் எழுதியிருப்பீர்கள். எழுதிவிட்டுத்தானே இங்கே வந்தீர்கள்?

பிப்ரவரி 9, இரவு 8.40

எழுதினாராம்.

பிப்ரவரி 12, மாலை 5.30

விற்ற பொருளோடு உறவு வைத்துக்கொள்வதை வியாபாரமாகவே நடத்தியவர் ஒருவர் உண்டு: வெனிஸில் இருந்த ஆடை வடிவமைப்பாளர் மரியானோ ஃபார்ச்சூனி. அவருடைய டெல்ஃபாஸ் என்ற பட்டு அங்கி தோளிலிருந்து தரைவரை நுண்ணிய மடிப்புகளாக விழும். 1909-இல் காப்புரிமை வாங்கினார். ஓரங்களில் கோத்த, வெனிஸ் பக்கத்து மூரானோ தீவின் கண்ணாடி மணிகள் அழகுக்கும் ஆயிற்று, துணி காற்றில் எழாமல் கீழே இழுத்துப் பிடிக்கும் எடைக்கும் ஆயிற்று. கயிறுபோல் முறுக்கிச் சுருட்டி, சின்ன வட்டப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். நனைந்தால் மடிப்பு போய்விடும். வீட்டில் சரிசெய்ய முடியாது, திரும்ப வெனிஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே மடிப்பு போட்டு அனுப்புவார்கள். வாங்கியவர் போட்டுக்கொண்டிருக்கும்வரை அங்கி பட்டறைக்கு வந்து போய்க்கொண்டே இருக்கும்.

எனக்கு இதில் பிடித்தது இன்னொன்று. அந்தக் காப்புரிமைத் தாளின் ஓரத்தில், இதைக் கண்டுபிடித்தவர் தன் மனைவி ஆன்ரியெட் என்றும், அவசரத்தில் தன் பெயரில் வாங்கியதாகவும் ஃபார்ச்சூனி கையால் எழுதி வைத்திருக்கிறார். விற்ற பிறகு யாருக்குச் சொந்தம் என்று நாம் சண்டை போடுகிறோம். செய்ததே யார் என்பது அங்கே ஓரக்குறிப்பில் கிடக்கிறது.

1949-இல் அவர் இறந்த பிறகு அந்த அங்கி செய்வது நின்றுபோயிற்று. மிச்சமிருக்கிற அங்கிகளை அருங்காட்சியகங்கள் இன்றும் முறுக்கித்தான் வைத்திருக்கின்றன.

பிப்ரவரி 12, மாலை 6.50

கால்டரை விட்டுவிட்டேன். அந்தரத்தில் அசையும் சிற்பங்கள் செய்தவர். அவர் நகையும் செய்தார், வாழ்நாளில் ஏறத்தாழ 1,800. பித்தளையிலும் வெள்ளியிலும் கம்பியை வளைத்து, சுத்தியலால் தட்டி, பெரும்பாலும் பற்றவைக்காமலே முடிச்சும் ஆணியுமாகச் சேர்த்துவிடுவார். நிறைய நண்பர்களுக்கும் வீட்டாருக்கும் கொடுத்தவை. 1942-இல் கலைப்பொருள் சேகரிப்பாளர் பெகி குகன்ஹைம் நியூயார்க்கில் தன் காட்சிக்கூடத்தைத் திறந்த அன்று, ஒரு காதில் கால்டர் செய்த தோடு, இன்னொரு காதில் சர்ரியலிச ஓவியர் ஈவ் தாங்கி செய்த தோடு போட்டுக்கொண்டு வந்தார். கால்டர் மாதிரி அரூபக் கலைஞர்களுக்கும், கனவுபோல் வரைகிற சர்ரியலிசக்காரர்களுக்கும் நடுவே பாரபட்சம் இல்லை என்று காட்டவாம்.

நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு ஜோடி செய்து கொடுத்திருக்கிறீர்கள். அதில் ஒன்றை மட்டும் போட்டு, மறுகாதில் வேறொருவர் செய்ததைப் போட்டு, ஊரையே கூட்டி வைத்து நடுவில் நிற்கிறார். வயிறு எரியுமா எரியாதா? எனக்கு எரிந்திருக்கும். ஆனால் அந்த ஜோடியைப் பற்றி இன்றைக்கும் நாம் பேசுவது அவர் அப்படிப் போட்டதால்தான்.

ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் கதை இன்னும் நெருங்கி வரும். தன் பெயரின் முதலெழுத்துகளை வளைத்துக் கால்டர் செய்து கொடுத்த பித்தளை ஊசியை வருடக்கணக்காகக் குத்திக்கொண்டிருந்தார். தலை நரைத்ததும் பித்தளையின் மஞ்சள் பொருந்தவில்லை என்று வெள்ளியில் ஒரு நகல் செய்து போட்டுக்கொண்டார். செய்தவரின் உலோகத்தையே மாற்றிவிட்டார். நகைக்கு ஏற்றபடி முடிக்குச் சாயம் போடவில்லை பாருங்கள், அங்கேதான் மரியாதை வருகிறது எனக்கு.

பிப்ரவரி 13, காலை 6.45

சட்டம் என்ன சொல்கிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். நான் வக்கீல் இல்லை, படித்ததைச் சொல்கிறேன்.

பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928-இல் ரோமில் 6bis என்ற பிரிவைச் சேர்த்தார்கள். படைப்பின் பொருளாதார உரிமைகளைக் கைமாற்றிய பிறகும், இதைச் செய்தது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் மானத்துக்கோ பெயருக்கோ குந்தகம் வரும்படி அதைச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமையும் படைத்தவருக்கு உண்டு. ஆக, முதல் நாள் நான் “இல்லை” என்று அடித்துப் பேசியது அரைகுறை.

ஆனால் நம்முடைய சரக்கு ஓவியமும் சிலையும் மாதிரி நேராக உள்ளே போகாது. பயன்படு கலை, அதாவது நகை மாதிரிப் பயன்படுத்துகிற பொருளில் வரும் கலை, என்ற வகைக்கு எவ்வளவு காப்பு, எந்த நிபந்தனையில் என்பதை அதே உடன்படிக்கை அந்தந்த நாட்டுக்கு விட்டுவிட்டது. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஓவியம், சிற்பம் போன்றவற்றைச் சிதைக்காமல் காக்கிறது, பயன்படு கலையை வெளியே நிறுத்திவிடுகிறது. மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு என்பது பிரான்சில் 1920-இல் வந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2001-இல் பொது ஆணையாயிற்று. அதுவும் கலைச் சந்தைத் தொழிலில் இருப்பவர் வழியாக நடக்கும் விற்பனைக்குத்தான். அத்தை மகளுக்குக் கைமாற்றிக் கொடுப்பதற்கு ஒன்றும் கிடையாது.

உங்கள் கழுத்தணி பையாக மாறியது உங்கள் மானத்துக்குக் குந்தகமா? நீதிபதி முன்னால் அந்தப் பையை வைத்து இதை வாதாட வேண்டிவரும். அதற்கு முன்னால் பை எப்படி இருக்கிறது என்று எங்களுக்காவது காட்டுங்கள்.

பிப்ரவரி 17, இரவு 10.20

ரயிலில் ஒருமுறை எதிர் இருக்கையில் எண் 52 உட்கார்ந்திருந்தது. போட்டிருந்த பெண்ணை எனக்குத் தெரியாது, நோட்டில் இருக்கிற பெயர் ஓர் ஆணுடையது. பரிசாகப் போயிருக்கலாம், கை மாறியிருக்கலாம். கொக்கியைத் தலைகீழாக மாட்டியிருந்தார். தலைகீழாக மாட்டினால் பதக்கம் இடப்பக்கம் ஒரு விரல் சாயும். ஒன்றரை மணி நேரம் அந்த ஒரு விரல் சாய்வைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் அவர் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டார். கழுத்தையே முறைத்துக்கொண்டிருந்த ஆளைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்று இறங்கின பிறகுதான் உறைத்தது.

“அது நான் செய்தது” என்று சொல்லியிருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். சொன்னால் அடுத்த வரி என்ன? “கொக்கியைத் திருப்பி மாட்டுங்கள்” என்பதுதான். வாயை மூடிக்கொண்டது சரி.

பிப்ரவரி 18, காலை 9.00

ஆமாம், கொக்கியைத் தலைகீழாக மாட்ட முடிகிற மாதிரி செய்தது யார் தப்பு என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொள்கிறேன். எண் 60-இலிருந்து ஒரு பக்கம்தான் மாட்டும்.

பிப்ரவரி 25, மாலை 4.10

கேள்வி கேட்டவர் பையின் படத்தைப் போட்டுவிட்டார். பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன்.

சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நன்றாக இருக்கிறது. வெட்டியவர் கண்ட இடத்தில் கத்தரி வைக்கவில்லை. உங்கள் தையல் வரிசை முடிகிற ஓரமாகவே வெட்டி, நூல் பிரியாமல் உள்பக்கம் மடித்து, நீங்கள் போட்ட அதே சங்கிலித் தையலைத் தொடர்ந்து போட முயன்றிருக்கிறார். கொஞ்சம் கோணல். வெட்டின மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் பிடிவாரில் சுற்றியிருக்கிறார்.

அவர் எழுதிய கடிதத்தையும் நீங்கள் இப்போதுதான் முழுதாகப் போட்டீர்கள். கழுத்தில் அறுவைச் சிகிச்சை, இனி கனமாக எதுவும் போட முடியாது, அலமாரியில் பூட்டி வைக்க மனமில்லை. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நீளம் எழுதியிருக்கமாட்டேன். உங்களைக் குறை சொல்லவில்லை. வயிறு எரிகிறபோது கடிதத்தின் இரண்டாவது பத்தி யார் கண்ணில் படும்?

மார்ச் 3, இரவு 9.15

இன்னொரு விஷயம். இதில்தான் என் முதல் நாள் பதில் மொத்தமாகக் கவிழ்கிறது.

நீளமான சங்கிலி செய்யும்போது எல்லாக் கண்ணியையும் பற்றவைத்தாலும் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு வளையத்தை மட்டும் பற்றவைக்காமல் விடுவேன். வாயை நெருக்கி மூடி வைத்திருப்பேன், அவ்வளவுதான். சங்கிலி கதவிலோ இயந்திரத்திலோ மாட்டி இழுத்தால் முதலில் அந்த வாய் திறக்க வேண்டும். கழுத்து அறுபடக் கூடாது, சங்கிலிதான் அறுபட வேண்டும். ஒன்றும் ரகசியம் இல்லை, பலர் செய்வதுதான். ஆனால் நான் வாங்குபவரிடம் சொன்னதில்லை. வேண்டுமென்றே பலவீனமாக ஒன்று வைத்திருக்கிறேன் என்று விற்கும்போது எப்படிச் சொல்வது?

எண் 117 ஒருமுறை மணி கோக்க வந்தது. பார்த்தால் அந்த வளையம் பற்றவைத்திருக்கிறது. அடிக்கடி திறந்துகொள்கிறது என்று எங்கோ கொடுத்து “கெட்டியாக” ஊதி வாங்கியிருக்கிறார். நல்ல வேலை, அரம் போட்ட தடம்கூடத் தெரியவில்லை. அவர் வேலை செய்கிற இடத்தில் நாள் முழுக்கச் சுற்றுகிற உருளைகள் இருக்கின்றன.

அவரைக் கேட்காமலே வளையத்தை அறுத்துத் திறந்து வைத்தேன். பிறகுதான் போன் செய்து சொன்னேன். காசு கை மாறிவிட்டது, பொருள் அவருடையது, கட்டட்டும் வெட்டட்டும் என்று இங்கே எழுதிய அதே ஆள்தான். அன்றைக்கு அந்த வாக்கியம் எனக்கு ஞாபகமே வரவில்லை. முக்கியமான சங்கிலிகளை நோட்டில் தேடி, 30 பேருக்கு மேல் எழுதினேன்: கொக்கிக்குப் பக்கத்து வளையத்தைப் பற்றவைக்காதீர்கள், திறந்துகொண்டால் சாமணத்தால் நெருக்கி மூடுங்கள். பாதிப் பேர் முகவரி மாறியிருந்தது. தலைப்பில்லாத பத்தி அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலைக்கு ஆனது.

மார்ச் 4, காலை 8.30

“அப்படியானால் ஆசிரியையின் சங்கிலியைக் கேட்காமல் மெருகு போட்டதும், இதைக் கேட்காமல் அறுத்ததும் ஒன்றுதானே?” என்று கேட்கிறார் ஒருவர்.

ஒன்று என் கண்ணுக்காகச் செய்தது, மற்றது அவர் கழுத்துக்காகச் செய்தது என்று எழுதி, அழித்துவிட்டேன். போன் செய்து கேட்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. இரண்டு முறையும் கேட்கவில்லை.

மார்ச் 6, இரவு 11.20

மேலே ஒருவர் ஒற்றை வரி போட்டிருக்கிறார்: “தீப்பெட்டிக்குள் இருக்கிற கண்ணி யாருடையது?”

நானும் அதைப் பல தடவை படித்தேன். பதில் தெரிந்த கேள்விதான். வெள்ளி அவர் காசு கொடுத்து வாங்கியது. தேய்மானம் அவர் விரல் செய்தது. அதில் என்னுடையது என்று சொல்ல ஒரு சுத்தியல் அடிகூட மிச்சமில்லை. மாற்றிய பழைய உதிரியை வாடிக்கையாளர் கையில் கொடுப்பது எந்தப் பட்டறையிலும் வழக்கம், நான் மற்ற எல்லோருக்கும் கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. மூன்று வருடமாகத் தீப்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

விற்றால் விற்றதுதான் என்று ஆரம்பித்து, கடைசியில் விற்றதில் ஒரு கண்ணியைத் திருடி வைத்திருப்பவன் நான் என்று தெரிகிறது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

மார்ச் 7, காலை 6.00

ஆசிரியைக்கு எழுதிவிட்டேன். கண்ணி என்னிடம் இருக்கிறது என்றும், மெருகு போட்டது என் தவறு என்றும்.

மார்ச் 19, மாலை 7.45

பதில் வந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். படம் அனுப்பியிருக்கிறார், பல்லியை மேசையில் சுருட்டி வைத்து எடுத்தது.

மூன்று வருடத்தில் நான் ஏற்றிய போலிக் கறுப்புக்கு மேல் அவருடையது ஏற ஆரம்பித்திருக்கிறது. பிடரியில் படுகிற கண்ணிகள் வெளுத்திருக்கின்றன, முன்பக்கம் பள்ளமெல்லாம் நல்ல கறுப்பு. நான் மாற்றிப் போட்ட கண்ணியைத் தேடினேன். கண்டுபிடிக்கச் சிரமமில்லை. சுத்தியல் அடி அத்தனையும் புதிதாக, கூர்மையாக அப்படியே இருக்கிறது. அவர் விரல் அதைத் தொடவே இல்லை. அதற்கு அடுத்த கண்ணி பாதி வழவழப்பாகிவிட்டது.

கேட்டிருந்தேன். புதுசு விரலில் உறுத்துகிறதாம், அதனால் விரல் பக்கத்துக்குத் தாவிவிட்டதாம். இது அவருக்கே என் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்ததாம். கடைசி வரி: “வாலை அனுப்புங்கள், இங்கே எல்லோரும் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.”

மார்ச் 20, மதியம் 12.10

தபாலில் போட்டாயிற்று, தீப்பெட்டியோடு. நோட்டில் எண் 88-க்கு எதிரே, மழைக்கோடு என்பதை அடித்துவிட்டுப் பல்லி என்று எழுதினேன்.